மாடியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

"மாடியில இருக்கிறவர் என்ன விலை சொல்லியிருக்கார்?"

மருந்துக்கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டபோது நான் கீழே, அவருக்கு எதிரில்தான் நின்றிருந்தேன். அவருடைய மனைவி சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டை வாங்கும் எண்ணத்தோடு மதியம் வந்தவர்கள். நல்ல மனிதர்கள். அந்தக் கேள்வியில் கிண்டல் எதுவும் இல்லை. தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது, அதனால் கேட்டார்.

எனக்கும் கேட்டது.

கனமான பூட்ஸ். வலது கால் லேசாக இழுபட, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. ஜன்னல் பக்கம் நின்றது. பிறகு ஓர் இருமல்.

அந்த நடையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடைய நடை.

அப்பா காவலாளியாக இருந்தவர். இதயத்தில் வால்வு பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷன் செய்தால் பிழைப்பார், பணம் கட்டினால்தான் ஆபரேஷன். விற்பதற்கு எங்களிடம் இந்த வீடு மட்டும்தான் இருந்தது. முதலில் வந்த தரகர் கூடத்தில் நின்றபடியே, "அவசரம்னா அவசர விலைதான்மா" என்று ஒரு தொகையைச் சொன்னார். அம்மா அவரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து, "இவனுக்கு நான் தைச்சுக் குடுத்த சட்டை அத்தனையும் அக்குள்ல கிழியட்டும்" என்றாள்.

அம்மா தையற்காரி. அன்று மாலையே கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து வீட்டை அளக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையோடு சுவரோரம் நகர்ந்தாள். பக்கத்துத் தெருக்களில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்று, துணி கொடுக்க வருபவர்களிடம் எல்லாம் கேட்டு வைத்தாள். கடைசியில் ஒரு விலை சொன்னாள்.

"இவ்வளவாம்மா?"

"ஜாக்கெட் தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி விடறோம்ல. பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்னு. அந்த மாதிரி. பேரம் பேசறவன் இழுத்துப் பார்க்க இடம் வேணும்டி."

'வீடு விற்பனைக்கு. தரகர் வேண்டாம்' என்று பலகையில் நான் எழுதினேன். அம்மா மாட்டினாள். ஆட்கள் வந்தார்கள். ஆனால் எங்கள் முகத்தில் அவசரம் எழுதி ஒட்டியிருந்தது. வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்ப்பதைப்போல் எங்களைத் தட்டிப் பார்த்தார்கள். பாதி விலைக்குக் கேட்டார்கள்.

அப்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. "துணிக்கடையில பார்த்திருக்கேன். ஒருத்தி கையில எடுத்த துணிமேலதான் இன்னொருத்திக்குக் கண்ணு போகும்" என்றாள்.

அப்பாவின் டியூட்டி பூட்ஸை என் காலில் மாட்டி என்னை மாடிக்கு அனுப்பினாள். கீழே ஆட்கள் வந்ததும் நான் நடக்க வேண்டும். அம்மா குரலைத் தாழ்த்தி, "மாடியில ஒருத்தர் பார்த்துட்டு இருக்கார். அவர் ஏறக்குறைய முடிச்ச மாதிரிதான்" என்பாள். அவர்கள் மேலே வர எழுந்தால், நான் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கிவிட வேண்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வராமல் எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் தொண்டையில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். மாடியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பூட்ஸ் பெரிது, அதனால் வலது கால் இழுபட்டது. சரி, மாடியில் பார்க்கும் அந்த ஆளுக்குக் கால் வலி என்று வைத்துக்கொண்டேன். மனைவி இறந்துபோனவர். தனியாக இருப்பவர். வெளிச்சம் பார்க்க ஜன்னல் ஜன்னலாக நிற்பவர். நடக்க நடக்க அவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவராகிக்கொண்டே வந்தார்.

"ஏன்டி, யானை மாதிரி மிதிக்கிற? அவர் வீடு வாங்க வந்தவர், இடிக்க வந்தவர் இல்ல" என்று அம்மா சிரித்தாள். அப்பா படுத்தபின் அவள் சிரித்தது அன்றுதான்.

ஆட்களின் பேச்சு மாறியது. கேட்ட விலை ஏறியது. மருந்துக்கடைக்காரர் தம்பதி இரண்டாம் முறையாக வந்ததே அதனால்தான். அன்று அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். கதவைத் திறந்துவிட்டது நான். அந்தப் பொய்யை நான் சொல்லக்கூட இல்லை.

பூட்ஸ் இரண்டும் படிக்கட்டுக்கு அடியில், என் கண்ணெதிரே இருந்தன.

மேலே நடை மறுபடி தொடங்கியது.

நான் பதில் சொல்லாததைப் பார்த்து, "சரி, நானே கேட்டுக்கிறேன்" என்று மருந்துக்கடைக்காரர் படியேறினார். மனைவியும் பின்னால் போனார். தடுக்க வாய் வரவில்லை. மேலே பேச்சுக் குரல் கேட்டது. அவர் குரல். பிறகு ஒரு தணிந்த குரல்.

இறங்கி வந்த இருவரும் என்னைக் கோபமாகப் பார்த்தார்கள்.

"இது என் வீடுங்கறாரே அந்த ஆளு. முடிஞ்சுபோன வீட்டுக்கு எதுக்கும்மா எங்களை அலைய விடறீங்க?"

"முகத்தைக்கூடத் திருப்பாம பேசறார். என்ன மரியாதையோ" என்றார் அந்த அம்மாள்.

அவர்கள் போனபின் நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்ததும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"அவங்க வந்த நேரத்துல நீ மேல போய் விளையாடிட்டியா? வந்த லட்சுமியைத் துரத்தி விட்டுட்டு வந்து கதை அளக்கிற."

"நான் கீழேதான்மா இருந்தேன்."

"வாயை மூடு."

அடுத்த நாள் ஒரு வாத்தியார் வீடு பார்க்க வந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். மாடியைப் பற்றி மூச்சுவிடவில்லை. வாத்தியார் பத்திரத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"மேல யாரும் இல்ல சார்" என்றாள்.

"இல்லன்னா நடக்கறது யாரும்மா?"

பொய் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. வாத்தியார் மேலே போனார், வந்தார், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அம்மா விலையைக் குறைத்தாள். உள்ளே விட்டிருந்த துணி தீர்ந்தது. பிறகு அசல் துணியிலேயே கை வைத்தாள். விலை இறங்க இறங்க மேலே காலடி கனத்தது. பட்டப்பகலில், வெயில் கூடத்தில் விழுந்து கிடக்கும்போதே, சுண்ணாம்புத் தூள் மெல்ல உதிரும். படிக்கட்டில் இறங்கும் காற்றில் பூட்ஸ் பாலிஷும் ஈரத்துணியும் கலந்த ஒரு நெடி. பின்பக்கப் படியின் கதவை அம்மா வெளியிலிருந்து பூட்டினாள். பூட்ஸைத் தூக்கிக் கிணற்றில் போட்டாள்.

நடை நிற்கவில்லை.

கடைசியில் அந்தத் தரகரைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் சொன்ன அவசர விலைக்கே தருவதாகச் சொன்னாள். அவர் கேட்டுக்குள் காலை வைத்தார். மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"அதான் ஆள் வந்தாச்சே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று மாலை வார்டிலிருந்து போன் வந்தது. பேசியவர் டாக்டர். அம்மா "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்தபின் தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு மேல தாங்காதாம்."

நான் அவள் முதுகைத் தடவினேன். அவள் திடீரென்று எழுந்து படிக்கட்டின் அடியில் போய் நின்று கைகளைக் கூப்பினாள்.

"ஐயா, நீங்க யாரா இருந்தாலும் சரி. நீங்களே எடுத்துக்கோங்க. எவ்வளவு தருவீங்க, சொல்லுங்க."

மேலே நடை அப்படியே போய்க்கொண்டிருந்தது. அவளை அது பொருட்படுத்தவில்லை. அவரிடம் பேச வேண்டியது நான்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவருக்குக் கால் வலியைக் கொடுத்தது நான். மனைவியைச் சாகவைத்ததும் நான்.

நான் ஏறினேன். பாதிப் படியில் நடை நின்றது.

அறையில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி, எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அகலமான தோள். நரைத்த பின்னந்தலை. எல்லாம் நான் யோசித்து வைத்தபடியே.

முகத்தை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

அவர் தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"திரும்பாதீங்க" என்றேன். என் குரல் கணீரென்று வந்தது. தொண்டையில் பஞ்சு இல்லை.

தலை நின்றது.

"விலை சொல்லு" என்றார்.

அம்மா முதன்முதலில் சொன்ன விலையைச் சொன்னேன். உள்ளே துணி விட்டுச் சொன்ன முழு விலை.

"இன்னிக்கே கட்டணும். ஆஸ்பத்திரியில" என்றேன்.

"கட்டிடலாம்." ஓர் இருமல். "எனக்கு நடக்க வராதும்மா. நீ நடந்தாத்தான் நான் நடப்பேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். பேரம் பேச அதில் இடமே இல்லை.

"அப்பா பிழைச்சுடுவாரா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வாங்குகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது.

"சரி" என்றேன்.

கீழே போன் அடித்தது.

அம்மா எடுத்தாள். "யாரு கட்டினது?" என்ற அவள் குரல் கிறீச்சிட்டது. "பெரியவரா? கால் இழுத்து... இப்பவே ஆபரேஷனா? நான் கையெழுத்துப் போட்டாத்தானா? இதோ வரேங்க, வந்துட்டேன்."

அறையில் நான் மட்டும் இருந்தேன். ஜன்னலருகே யாரும் இல்லை. சந்தோஷத்தில் படியை நோக்கி ஓடப் பார்த்தேன். கால்கள் ஜன்னலை நோக்கிப் போயின. வெறுங்கால்தான். ஆனால் தரையில் கனமான பூட்ஸ் சத்தம் எழுந்தது. வலது கால் இழுபட்டது.

"கண்ணு, பணம் கட்டிட்டாங்களாம்டி. இறங்கி வா, போகலாம்."

"அம்மா" என்று கூப்பிட்டேன்.

இருமல்தான் வந்தது.

கீழே அம்மாவின் சத்தம் அடங்கிப்போனது. அவள் படிக்கட்டின் அடிக்கு வந்து நிற்பது அறை வாசல் வழியாகத் தெரிந்தது. நான் சுவர்வரை நடந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அவளைப் பார்த்தேன். அவள் என்னை நேராகத்தான் பார்த்தாள். யாரைப் பார்த்தாளோ, தெரியவில்லை.

"கண்ணு?" என்று கிசுகிசுத்தாள். "விளையாடாதடி. இறங்கி வாடி."

நான் நடந்தேன்.

முதல் படியில் ஒரு காலை வைத்தாள். கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

பிறகு அம்மா படியிலிருந்து காலை எடுத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நான் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் கேட்டைத் தாண்டி, தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.