அவர் பேசாமல் இருந்த வாரம்

"காப்பிக்குச் சர்க்கரை போதுமா போதாதா... அதையாவது வாயைத் திறந்து சொல்லேண்டா."

நாத்தனார் கேட்டது தம்பியை. முறைத்தது தம்பி மனைவியை. தம்பியோ கோப்பையை உயர்த்திக் காட்டி, போதும் என்று தலையை ஆட்டிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மொத்தப் பழச் சந்தையில் ஏலம் கூறுகிற மனிதர் அவர். அவர் விலை கூறினால் சந்தையின் கடைசி வாசலில் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பவனும் நிமிர்ந்து பார்ப்பான். 'வெண்கலம்' என்று கேட்டால்தான் அங்கே அவரைத் தெரியும். அந்த வெண்கலம் சில நாட்களாகச் சந்தைக்கும் போகாமல், வீட்டிலும் ஒரு வார்த்தை பேசாமல், நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"என்ன பண்ணின இவனை?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி."

"ஒண்ணும் பண்ணாமத்தான் இப்படி ஆயிட்டானா? யாரோ உன் ஃபிரெண்டு வீடுன்னு ரெண்டு நாள் வெளியூர் கூட்டிட்டுப் போன. போகும்போது தொண்டை கட்டியிருந்தாலும் ஏதோ பேசிட்டுத்தானே போனான்? திரும்பி வந்ததுலேர்ந்து உன்னோடயும் பேச்சில்ல, எங்களோடயும் பேச்சில்ல. அங்க என்னம்மா நடந்துச்சு?"

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா, தப்பு யார் மேலன்னெல்லாம் பாக்காதீங்க. ஒரு ஸாரி சொல்லிடுங்க. நான் மாசத்துக்கு ரெண்டு தடவை சொல்றேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது."

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கேட்டுவிட்டு, "சிரிப்பு வேற கேக்குது" என்று வெளியே நாத்தனார் பல்லைக் கடித்தாள்.

அந்தக் குடும்பத்தின் சுபாவமே தனி. மற்ற வீடுகளில் கோபம் வந்தால் சத்தம் வரும். அந்த வீட்டில் கோபம் வந்தால் சத்தம் நின்றுவிடும். பழைய அலமாரியைக் கேட்காமல் விற்றுவிட்டான் என்று நாத்தனார் தன் சின்னத் தம்பியோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறாள். ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே அறையில் டிவி, பேச்சு மட்டும் கிடையாது. பேசாமல் இருப்பவரிடம் போய் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கு எதிரே இருப்பவர் என்ன தப்பு செய்தார் என்றுதான் துருவுவார்கள். மருமகளாக வந்து இத்தனை வருடம் ஆகியும் அவளுக்கு அந்த வித்தை கைவரவில்லை. கோபம் வந்தால் கத்திவிட்டு, அடுத்த நிமிடமே சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ரகம் அவள்.

உண்மையில் என்ன நடந்தது என்பது அவளுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். மாதக்கணக்காக அவர் தொண்டை கரகரத்தது. ஏலக்காரன் தொண்டை வேறு எப்படி இருக்கும் என்று வீடே விட்டுவிட்டது. அவள் விடவில்லை. இழுக்காத குறையாக மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்த தொண்டை மருத்துவர், குரல் நாணில் ஒரு சதை வளர்ந்திருக்கிறது என்றார். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கெட்டதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், முடிவு வரும்வரை எதுவும் சொல்ல முடியாது. வெளியூர் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு நாளும் அதற்குத்தான். உள்ளூர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. சதையை எடுத்த புண் ஆறும்வரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் சொல்லக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. நாத்தனாரின் கணவர் அதே ஆஸ்பத்திரியில், அதே தொண்டை வியாதியில்தான் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் அவருக்குக் குரலே இல்லை. அவர் இறந்த அன்று அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்த நாத்தனார், இனி செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள். பேருந்து அந்தப் பக்கம் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தாய் இல்லாத இரண்டு தம்பிகளையும் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, இருந்த கொஞ்சக் குரலில் அவர் அந்த யோசனையைச் சொன்னார்.

"நான் பேசலேன்னா கோபம்னு நெனச்சுப்பாங்க. எங்க வீட்டுல கோபமா இருக்கிறவனை எவனும் கேள்வி கேக்க மாட்டான். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஓட்டிடலாம். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது... அவ தாங்க மாட்டா."

நல்ல யோசனை என்றுதான் அவளுக்கும் பட்டது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அவர் கோபமாக இருந்தால் யார் மேல் கோபமாக இருப்பார் என்பதை மட்டும் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே அது புரிந்துவிட்டது. ஆனால் அவளுக்கு அது பெரிய பாரமாக இல்லை. பகலில் திரைச்சீலை தைக்கிற வேலை அவளுக்கு. நீளத் துணியை மடித்து, ஓரம் அடித்து, வளையம் கோத்துக்கொண்டிருக்கும்போது நாத்தனாரின் பேச்சு மிஷின் சத்தத்தில் பாதி கரைந்துவிடும். மீதிப் பாதியை அவள் பொறுத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளைத் தின்றுகொண்டிருந்தது. இவர் இருப்பாரா?

அந்தக் கேள்வியோடுகூட அந்த வாரத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து விடிவதற்கு முன்பே சந்தைக்கு ஓடுகிற மனிதர், முதல்முறையாகப் பகல் முழுக்க அவள் பக்கத்தில் இருந்தார். அவள் தைத்தால் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சந்தையில் வியாபாரிகள் துண்டுக்கு அடியில் கைகோத்து விரலால் விலை பேசுவார்கள். அந்த விரல் பாஷையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். திரைத்துணிக்கு அடியில் அவள் உள்ளங்கையில் ஒரு அழுத்து அழுத்தினால் 'விலை சரி', இரண்டு தரம் அழுத்தினால் 'விட்டுவிடாதே, இன்னும் ஏறும்.' பயத்தைச் சொல்ல அந்தப் பாஷையில் விரல் இல்லை. அதனால் அவர் அடிக்கடி இரண்டு தரம் அழுத்தினார். அவளும் திருப்பி அழுத்தினாள்.

முடிவு வருவதற்கு முந்தின நாள் மாலை எல்லாம் முற்றிவிட்டது. கொழுந்தன், ஓரகத்தி எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நாத்தனார் அழ ஆரம்பித்தாள்.

"வெண்கல மணியாட்டம் பேசின பையன்... இவன் பேசினா இந்த வீட்டுல கண்ணாடி அதிரும். அப்படிப்பட்டவனை ஊமையாக்கி உக்கார வச்சிருக்காளே. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? எனக்கு நல்லாப் பேசினவங்க குரல் போனா எப்படி இருக்கும்னு தெரியும்மா... நீ அனுபவிச்சாத்தான் உனக்குத் தெரியும்."

அந்தக் கடைசிச் சொல் அவள் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. கையிலிருந்த துணி நழுவியது. அதைப் பார்த்ததும் அவர் எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. அக்காவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

அவள் பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினாள்.

 அவர் அவள் கையை விலக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"பாத்தீங்களாடா..." நாத்தனாரின் குரல் நடுங்கியது. "பேச வர்றவனையும் பேச விட மாட்டேங்கிறா. புருஷன் வாயைப் பொத்துறாளே, இவ என்ன பொண்ணு?"

மிரண்டு போயிருந்த ஓரகத்திகூட அன்று ஸாரி சொல்லச் சொல்லவில்லை.

மறுநாள் காலை இருவரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல், ஒரு டாக்ஸியில் கிளம்பினார்கள். போகும் இடம் வக்கீல் வீடு என்று நாத்தனார் முடிவு கட்டிவிட்டாள். பிற்பாடு அவளே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. இன்னொரு டாக்ஸியைப் பிடித்து, முன்னால் போகிற வண்டியை விடாதே என்று ஓட்டுநரின் தோளைப் பிடித்து உலுக்கினாளாம். வக்கீலைக் கேட்க வேண்டிய கேள்வியையெல்லாம் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாளாம். முன்னால் போன வண்டி அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியபோது அத்தனையும் மறந்து போயிற்று.

அவரைக் குழாய் விட்டுப் பார்க்க உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். நடைபாதை பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரோ எதிரே வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தாள். நாத்தனார். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் கதவின் மேலிருந்த 'தொண்டைப் பிரிவு' என்ற பலகையில் இருந்தன.

"யாருக்கு?" என்றாள்.

அவளுக்குப் பொய் வரவில்லை. "அவருக்குத்தான் அண்ணி. சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு ரிசல்ட்டு. பேசினா புண்ணு ஆறாதுன்னு... அதான் பேசல. கோபமெல்லாம் இல்ல."

"நேத்து நீ வாயைப் பொத்தினது..."

"எனக்காகப் பேசிடுவாரோன்னு பயந்துட்டேன் அண்ணி."

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்று சொல்லலாம்.  பிறகுதான் பேச்சு வந்தது.

"நான் வாயில வந்ததையெல்லாம் பேசினேனே. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா? உன் தம்பிக்கு உடம்பு சரியில்லடி, வாயை மூடுன்னு என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே..."

"நீங்க தாங்க மாட்டீங்கன்னாரு."

"நீ மட்டும் தாங்குவியா? ரெண்டு பாரத்தையும் ஒருத்தி தலையில வச்சுட்டு அவன் பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டான். வரட்டும், இருக்கு அவனுக்கு."

அப்போதுதான் அவள் உடைந்தாள். அந்த வாரம் முழுக்க மிஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. "பயமா இருக்கு அண்ணி... அவர் இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது..." என்று நாத்தனாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இதே பெஞ்சில் ஒரு காலத்தில் நாத்தனாரும் தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்போது முதுகைத் தடவ யாரும் வரவில்லை.

கதவு திறந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். நாத்தனார்தான் முதலில் எழுந்தாள், தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு.

அறைக்குள் அக்காவைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டு எழப் போனார். "உக்காருடா" என்று ஒரே அதட்டு. மருத்துவர் கணினித் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேன்சர் இல்ல. கத்திக் கத்தி வந்த சாதாரணச் சதைதான். முழுசா எடுத்தாச்சு. புண்ணும் நல்லா ஆறியிருக்கு. இனிமே சந்தையில மைக்கு வச்சுக்கணும், அவ்வளவுதான்."

 அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்தார்.

"மெல்ல ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, குரலைக் கேட்டுடலாம்" என்றார் மருத்துவர். "இன்னைக்கு அது போதும். மீதியை நாளையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா பேசலாம்."

அவர் எச்சிலை விழுங்கினார். மனைவியைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். வந்த குரல் மெலிசாக, புதிதாக இருந்தது. கரகரப்பு இல்லை.

"அக்கா... இவ மேல எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்ல."

நாத்தனார் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு விம்மினாள். "தெரியும்டா... இப்பத் தெரியும். நீ பேசாத, போதும்."

திரும்பும்போது மூவரும் ஒரே டாக்ஸியில் ஏறினார்கள். முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் அவர். பின்னால் பெண்கள் இருவரும். நாத்தனார் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மைக்கு வாங்குவது, கொழுந்தனிடம் எப்படிச் சொல்வது, இனி இந்த வீட்டில் எவனாவது கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் சாப்பாடு கிடையாது... முதல் சிக்னல் தாண்டுவதற்குள் அவள் தோளில் ஏதோ கனத்தது. திரும்பிப் பார்த்தாள். ஒரு வாரமாகக் கண் மூடாதவள், வாய் லேசாகத் திறந்திருக்க, நாத்தனாரின் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள்.

நாத்தனார் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொண்டாள். தோளை அசைக்காமல், தலைப்பை இழுத்து, வெயில் படாதபடி அவள் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஓரகத்தி கவலையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவர் இறங்கப் போனார். நாத்தனார் கையைக் காட்டி அவரைத் தடுத்தாள். முன்னால் குனிந்து, ஓட்டுநரிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வாப்பா. எங்க வீட்டுப் பொண்ணு தூங்குது."