மூன்றாவது போன்

சேலையூரில் அந்த ஐந்து மாடிக் குடியிருப்புக்குள் நான் நுழைந்தபோது பகல் பதினொன்றரை. லிஃப்ட் வாசலில் ஃபினாயில் நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு நாற்றமும் இருந்தது. கண்டுகொள்ளாமல் விட்டேன். அதில் நான் கெட்டிக்காரன்.

மூன்று மாதத்துக்கு முன் மெக்கானிக் சாலமோன் இங்கேதான் நசுங்கிச் செத்தார். லிஃப்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் இறங்குமுன் தன் போனிலிருந்த லிஃப்ட் ஆப்பில் ஸ்டாப் அமுக்கினார். அவர் திரை சிவந்தது. வாட்ச்மேன் திரையோ, லிஃப்ட் ஓடலாம் என்று, பச்சையாகவே இருந்தது; அவர் லிஃப்டை இறக்கிவிட்டார். அந்த ஆப்பை எழுதியவன் நான். அதில் ஒவ்வொரு திரையும் லிஃப்டின் நிலையைத் தனித்தனியே வைத்திருந்தது; ஒன்று மாறினால் மற்றதற்குத் தெரியாது.

போலீசிடம், "அவர் ஸ்டாப்பே அமுக்கலை சார்" என்றேன். சாலமோனின் மனைவி ஜெயசீலி என் வீட்டு வாசலில் நின்று அழுதபோது கதவைத் திறக்கவில்லை.

இப்போது எல்லாவற்றையும் எளிமையாக்கி ஒரே ஸ்ட்ரீமாக, ஒரே தகவல் ஓட்டமாக எழுதியிருந்தேன். நிலை மாறினால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லா போன்களும் அந்த நொடியே மாறும். சோதித்துப் பார்க்கப் புது மெக்கானிக் குமரவேல் பள்ளத்தில் இறங்கினான்.

"ஸ்டாப் அமுக்கிட்டேன் ஜெஃப்ரி அண்ணா. உனக்கு இன்னா காட்டுது?"

"சிவப்பு."

திரையின் ஓரத்தில், கேட்கும் போன்கள்: 3.

என்னுடையது, அவனுடையது. இரண்டுதான் இருக்க வேண்டும்.

மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தேன். சாலமோனின் எண். அந்தப் போனை அவர் விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து துண்டு துண்டாக எடுத்திருந்தார்கள். இணைப்பை நீக்கினேன்.

மறுபடி மூன்று.

திரை பச்சையானது.

மேலே மோட்டார் உறுமியது. ஸ்டாப் அமுக்கினேன். சிவப்பு. உடனே பச்சை.

"அண்ணா, இறங்குது... கை குடு அண்ணா..."

திறந்திருந்த லிஃப்ட் வாசலில் குப்புறப் படுத்துப் பள்ளத்துக்குள் கையை நீட்டினேன். அவன் பிடித்துக்கொண்டான். இறங்கிய லிஃப்ட் என் முழங்கையை வாசல் விளிம்போடு வைத்து நசுக்கியது. எலும்பு விறகு போல முறிந்தது. என் ரத்தம் அவன் வாயிலும் கண்ணிலும் பீய்ச்சியடித்தது.

"அமுக்கினார்... சாலமோன் அமுக்கினார். தப்பு என்னுது" என்று கத்தினேன்.

சிவப்பு.

லிஃப்ட் நின்றது. குமரவேல் பிழைத்தான். என் வலக்கை அவன் பிடியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். "சாலமோன் ஸ்டாப் அமுக்கினார்னு நீங்க கத்தினதா அந்தப் பையன் சொல்றான். நிஜமா?"

ஜெயில் கண்முன் வந்தது. கேவலமான பயம்.

"வலியில உளறிட்டேன் சார். அவர் அமுக்கலை."

அவர் போனதும் எக்ஸ்ரேவுக்காக என்னைச் சக்கர நாற்காலியில் லிஃப்டுக்குள் தள்ளினார்கள். மறந்த ஃபைலை எடுக்க நர்ஸ் வெளியே போனார். கதவு மூடிக்கொண்டு லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. அந்த லிஃப்டுக்கும் என் ஆப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஃபினாயில் நாற்றம். அதற்கு அடியில் அந்த இன்னொன்று.

மடியில் போன் தானாக ஒளிர்ந்தது. திரையில் நான் அழித்துவிட்ட பழைய ஆப்; ஒன்று மாறினால் மற்றதற்குத் தெரியாத அதே ஆப். இரண்டே பெயர்கள்.

இடது கட்டைவிரலால் ஸ்டாப் அமுக்கினேன்.

என் பெயருக்கு எதிரே சிவந்தது. சாலமோன் பெயருக்கு எதிரே இன்னும் பச்சைதான்.