அண்ணன் போட்டு வைத்த பேக்கப்

ஜூன் ஒன்பதாம் தேதி பிற்பகல், அடைத்துக் கிடந்த மாடி அறையில் இறந்தவரின் கணினி மறுபடி இயக்கப்பட்டது.

இயக்கியவன் அவருடைய தம்பி. சொத்துச் சண்டைக்குப் பிறகு அவன் இந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்து சொல்லி அனுப்பியபோதும் வரவில்லை. இப்போது வந்தது தன் மகளுக்காக. காய்ச்சலில் இறந்துபோன அந்தக் குழந்தையின் படங்கள் அண்ணனிடம் மட்டுமே இருந்தன.

"சாவுக்கு வராதவர் படத்துக்கு வந்துட்டீங்க," என்றாள் அண்ணி, கதவோரம் நின்று.

"குத்திக் காட்டாதீங்க அண்ணி. எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"தாராளமா. கீழே இருக்கற கம்ப்யூட்டர்லயும் அதேதான் இருக்கு. நிமிஷத்துக்கு நிமிஷம் இது தானாவே அங்கே போய் காப்பி போட்டுட்டு வரும். பாஸ்வேர்டு கூட கிடையாது, 'சாவி'ன்னு ஒரு ஃபைல்தான். அது இல்லாம ஒரு ஈ காக்கா உள்ளே நுழைய முடியாதும்பார்."

அவள் இறங்கிப் போனாள். அறையில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. ஆனால் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து இந்த அறைக்குத் திரும்பவே இல்லை.

குழந்தையின் படங்களைத் திறந்தான். தொட்டிலில் பொக்கை வாய்ச் சிரிப்பு. பெரியப்பா மடியில் தூக்கம். அவன் தோளில் சவாரி.

தோள் சவாரிப் படம் திரையிலிருந்து மறைந்தது.

அவன் அவளுக்குச் சோறூட்டும் படமும்.

அவன் கை மவுஸில் இல்லை.

கீழே ஓடினான். கூடத்துக் கணினியிலும் அதே வரிசையில் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணன் பழையதைத் தனியே பத்திரப்படுத்தி வைக்கவில்லை. மேலே அழிந்தால் கீழேயும் அழியும்படி போட்டிருக்கிறார்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். அந்தக் கணினியிலிருந்த சாவி ஃபைலையும் அழித்தான்.

படங்கள் போய்க்கொண்டே இருந்தன.

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அண்ணி... மாடியில யாரு?"

"யாருமில்லையே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கடைசி வாரம் உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் கேக்கறதை விட்டுட்டார்."

"அண்ணே," என்றான் மாடியைப் பார்த்து. "போதும்ணே. என் பொண்ணு என்ன பண்ணினா?"

சத்தம் நின்றது.

குழந்தை தனியாக இருந்தவையும் பெரியப்பாவோடு இருந்தவையும் மிஞ்சின. அப்பாவோடு இருந்தது ஒன்றுகூட இல்லை.

மிஞ்சியதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த வாரம் அலுவலக அடையாள அட்டைக்காகத் தன்னைப் படமெடுத்துச் செல்போனில் வைத்தான். மறுநாள் அது இல்லை. திரும்ப எடுத்தான். அதுவும் இல்லை.