மீதி வாங்காத திருடன்

காலை 11.10.

கூப்பன் மாமா அந்தப் பதினாறு எண்களையும் மூன்றாவது முறையாகத் தட்டினார். திரையும் சளைக்காமல் மூன்றாவது முறையாக அதையே சொன்னது. பயன்படுத்தப்பட்டது. நேற்று மாலை 4.12. தொகை 6,200. மீதி 0.

எதிரே உட்கார்ந்திருந்த தையலக்காவுக்குத் திரை தெரியவில்லை. மாமாவின் முகம் தெரிந்தது.

"என்ன மாமா, நெட் வரலையா?"

"நெட்டுக்கு ஒரு கேடும் இல்ல. உன் வவுச்சரை யாரோ நேத்தே தீத்துட்டாங்கம்மா."

அவள் சிரித்தாள். மாமா விளையாடுகிறார் என்று நினைத்தாள். பிறகு, இந்த மனுஷன் எதில் வேண்டுமானாலும் விளையாடுவார், வவுச்சரில் விளையாட மாட்டார் என்பது நினைவுக்கு வந்தது.

உண்மைதான். விமானக் கம்பெனி கவுண்டரில் முப்பத்தொரு வருடம் நின்று கால் வீங்கினவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இருமிக்கொண்டே வேலை செய்யும் ஒரு பிரிண்டர் என்று கடை போட்டார். முழுக் காசு கொடுத்து அவர் ஒரு நாளும் டிக்கெட் வாங்கியதில்லை. அடுத்தவர் வவுச்சர் காலாவதியானால்கூட அடுப்பில் பால் பொங்கி வழிகிற மாதிரி பதறுவார். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தெரு மறந்து வெகுகாலம் ஆயிற்று.

இந்த வவுச்சர் தையலக்காவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கடல் தாண்டிய ஊரில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இருக்கிற இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டார்கள். அவள் தன் இடத்தை விட்டுக்கொடுத்து, விமான நிலைய நாற்காலியில் ஓர் இரவு தூங்கினாள். அதற்குக் கூலியாக ஐம்பதாயிரத்துக்கு ஒரு வவுச்சர். அவள் பெயரில் மட்டுமே டிக்கெட் எடுக்கலாம். ஒரே முறைதான் செல்லும். சின்ன டிக்கெட் எடுத்தால் மீதி போனது போனதுதான். எடுக்க வேண்டிய கடைசி நாள் இன்று.

நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போக அதை எடுத்துக்கொண்டு வந்தாள். மலையைக் கெல்லி எலியைப் பிடிக்காதே, பெரிய பயணம் வரும், பொறு என்று திருப்பி அனுப்பியவர் மாமாதான்.

பெரிய பயணம் வந்தது. தங்கையின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அக்காவினுடையது பொருந்தியது. வரும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரி நேற்று மதியம் தேதி கொடுத்தது. தவறினால் அடுத்த தேதிக்கு மூன்று மாதம். அதுவரை தங்கை தாங்குவாளா என்று கேட்டதற்கு டாக்டர் வேறு பேச்சுக்குப் போய்விட்டாராம். கைக்காசு எல்லாம் பரிசோதனைகளுக்கே சரியாகப் போயிருந்தது. இன்றைய விலைக்கு டிக்கெட் எடுக்க வழியே இல்லை.

மாமா கம்பெனிக்கு ஃபோன் போட்டார். டிக்கெட் யார் எடுத்தது, எந்த ஊருக்கு என்று எதையும் சொல்ல மாட்டார்களாம். புகார் கொடுத்தால் ஏழு வேலை நாள். ஆனால் ஒரு வழி இருந்தது. எடுத்த டிக்கெட்டை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் வவுச்சர் முழுசாக உயிர் பெற்றுவிடும். அதற்குப் பதிவு எண் வேண்டும். அது எடுத்தவரிடம் மட்டுமே இருக்கும்.

"இன்னிக்கு சாயங்காலம் நாலு பன்னெண்டு வரைக்கும் டைம்," என்றார் மாமா. "அதுக்குள்ள ஆளைப் பிடிக்கணும்."

"எந்தத் திருட்டுப் பயலை எங்கேன்னு போய்ப் பிடிக்கிறது?"

"திருடன் இல்லம்மா. ஐம்பதாயிரத்தை நீட்டி ஆறாயிரத்து இருநூறுக்கு டிக்கெட் எடுத்திருக்கு. மீதி வாங்காம எந்தத் திருடன் போவான்? அதுவும் உன் பேர்லதான் எடுக்க முடியும். அந்த ஆளுக்கு டிக்கெட் தேவையே இல்ல. நீ போகக் கூடாது, அவ்வளவுதான்."

வவுச்சர் இருந்தது வீட்டு இரும்பு அலமாரியில். அதற்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், ஒன்று கணவரிடம். அவள் போகக் கூடாது என்று நினைக்கிறவர்களும் அந்த வீட்டிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். கணவரும் மகனும்.

காலையிலிருந்து ஒன்றும் சரியில்லை, தினமும் எட்டு மணிக்கு வரும் தங்கையின் ஃபோன்கூட இன்று வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் எழுந்தாள்.

பிற்பகல் 1.40.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மரத்தடியில் வேனை நிறுத்தி, பிள்ளைகள் இறைத்துவிட்டுப் போன குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தார். தையலக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வந்த மாமா விஷயத்தைச் சொன்னதும் துடைப்பம் நின்றது. ஆனால் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. மாமா அதைக் கவனித்தார்.

"அலமாரியை நேத்து தொறந்தீங்களா மாப்பிள்ளை?"

அவர் துடைப்பத்தை வேனின் படியில் சாய்த்தார்.

"தொறந்தேன். ரெண்டு மணிக்கு. கையில எடுத்தேன். கிழிச்சுடலாம்னுதான் எடுத்தேன். மனசு வரல, வெச்சுட்டேன்."

"எதுக்குக் கிழிக்கணும்?"

"போறவ முழுசாத் திரும்பி வருவான்னு யார் எழுதிக் குடுப்பா?"

நாலு மணிக்கு எங்கே இருந்தார் என்று மாமா கேட்டார். வேனில் பதினாலு பிள்ளைகள், பதினாலும் சாட்சி என்றார். சட்டைப்பையில் இருந்தது பொத்தான் ஃபோன். அதில் டிக்கெட் எடுக்க முடியாது. ஆனால் எண்களை ஒரு தாளில் எழுதி வேறொருவரிடம் கொடுக்க முடியுமே. மாமா அதை வெளியே சொல்லவில்லை. சொல்லாமலே அது கணவருக்குப் புரிந்தது.

"இவ்வளவும் ஆன பிறகு கேக்குறேன் மாமா. சல்லிசா ஏதாவது டிக்கெட் கிடைக்காதா?"

"நம்ம ஊர்ல ஏறினா ஏர்போர்ட் டாக்ஸே நாலாயிரம். இந்தக் கம்பெனியில பக்கத்து ஊருக்குப் போகவே ஒன்பதாயிரத்து நானூறு. கடல் தாண்டணும்னா கேக்கவே வேண்டாம்."

பிற்பகல் 3.05.

மகன் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை ஊர் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது. நேற்று அவனுக்கு வார விடுமுறை. நாலு மணிக்கு வீட்டில் தனியாக, கையில் ஃபோனோடு இருந்தான். அம்மா போகக் கூடாது என்று நேற்று மதியம்தான் வீடு அதிரக் கத்தியிருந்தான். இதற்கு மேல் ஒரு ஆளைச் சந்தேகப்பட என்ன வேண்டும்?

அவனும் மறைக்கவில்லை. "ஆமா, வேணாம்னு சொன்னேன். மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன். முதுகுக்குப் பின்னாடி செய்யற ஆள் நான் இல்ல."

"எண் உனக்குத் தெரியுமா?"

"எங்க வீட்ல ரகசியம்னு ஒண்ணு உண்டா? கரண்ட் பில் வந்தாக்கூட ஃபோட்டோ புடிச்சு சித்திக்கு அனுப்பிட்டுத்தான் அம்மா கட்டவே போகும். சந்தேகமா இருந்தா இந்தாங்க, பாத்துக்குங்க."

ஃபோனை மேசைமேல் வைத்த வேகத்தில் ஒரு பார்சல் கீழே விழுந்தது. மாமா அவன் மெயிலைப் பார்க்கவில்லை. விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தார். ஃபோன் இருக்கும் ஊரை அது தானே தெரிந்துகொண்டு, அங்கிருந்து கிளம்பும் டிக்கெட்டுகளை விலை குறைந்ததிலிருந்து வரிசையாகக் காட்டியது. முதல் வரி 9,400. மாமா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பு. அப்பாவையும் கூட்டிட்டு வா," என்றார்.

பிற்பகல் 3.45.

மாடிப்படிக்குக் கீழே நாலு பேர் உட்கார இடமில்லை. கணவர் அன்றைய வேனை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். மகன் வாசலில் நின்றான். கணவர் அவனைப் பார்க்கவில்லை, அவனும் அவரைப் பார்க்கவில்லை. தையலக்கா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடக் குடும்பம், ஒரு தாளால் இப்படி உட்கார்ந்திருந்தது.

"உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குச் சந்தேகம் இருந்துச்சு," என்றார் மாமா. "இப்ப இல்ல. நான் ஒரு மடையன். கம்பெனியில முப்பத்தொரு வருஷம் இருந்தும் காலையிலேயே கண்ணு முன்னாடி இருந்த தொகையைப் பாக்கல. மீதி எவ்வளவு போச்சுன்னே கணக்குப் போட்டுட்டு இருந்தேன். ஆறாயிரத்து இருநூறுக்கு நம்ம ஊர்ல ஏது டிக்கெட்?"

மாமா நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வவுச்சரை வீணாக்க நினைக்கிறவங்க தேடி அலைய மாட்டாங்க. ஃபோன் காட்டற முதல் வரியை அமுக்குவாங்க. இங்க இருந்து அமுக்கியிருந்தா ஒன்பதாயிரத்து நானூறு போயிருக்கும்."

அவர் கிளம்பும் ஊரை மாற்றிக் கடல் தாண்டிய ஊரின் பெயரைத் தட்டினார். திரையைத் தையலக்கா பக்கம் திருப்பினார். முதல் வரி 6,200.

"அந்த வவுச்சரையும் ஃபோட்டோ புடிச்சு அனுப்பினியாம்மா?"

"கைக்கு வந்த அன்னிக்கே, நம்பர் மேல இருந்த பூச்சைச் சுரண்டினதும் அனுப்பினேன்." அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். "அவளா? அவளுக்காகத்தானே நான் போறேன்?"

"அதனாலதான். காலையில எட்டு மணிக்கு ஏன் ஃபோன் வரலன்னு இப்பப் புரியுதா?"

கணவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன். நகர்ந்து, பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டார்.

பிற்பகல் 3.56.

மூன்றாவது முறை அடித்த பிறகுதான் தங்கை எடுத்தாள். மாமா ஃபோனை எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். வவுச்சரா, எந்த வவுச்சர் என்றாள் தங்கை. மாமா தொகையை மட்டும் சொன்னார்.

"நான்தான்," என்றாள் கடைசியில். "வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? சொன்னா அக்கா கேக்குமா? எனக்காக அது உடம்பை அறுத்துக்கணுமா? அத்தான் ராத்திரியெல்லாம் தூங்கலன்னு அதுவே சொல்லுது. என்னால ஒரு குடும்பம் கெட வேண்டாம்."

பதிவு எண்ணை மாமா கேட்டார். அழித்துவிட்டேன் என்றாள். மெயில் குப்பையில் இருக்கும், பாரும்மா என்றார். பார்க்க மாட்டேன் என்றாள்.

மணி 4.04.

தையலக்கா ஃபோனைக் கையில் எடுத்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எனக்குக் கல்யாணம் ஆகிக் கெளம்பின அன்னிக்கு, நான் போகக் கூடாதுன்னு என் செருப்பைத் தூக்கித் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டியே, ஞாபகம் இருக்கா?"

ஃபோனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

"ஈரச் செருப்போடதானே போனேன்? நின்னேனா?"

"நிக்கல," என்றது அழுகிற குரல்.

"அப்ப ஒழுங்கா நம்பரைச் சொல்லு. வெள்ளிக்கிழமை தவறிப்போனா அப்புறம் நான் யாருக்குடி கரண்ட் பில்லை ஃபோட்டோ புடிச்சு அனுப்புவேன்?"

அழுகைக்கு நடுவே தங்கை சிரித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம், ஏதோ தட்டும் சத்தம். பிறகு பதிவு எண்ணின் ஆறு எழுத்துகளும் ஒவ்வொன்றாக வந்தன. அவசரத்தில் மாமா ஓர் எழுத்தைத் தவறவிட்டார். மறுபடி தட்டினார்.

மணி 4.09. ரத்து செய்யப்பட்டது. வவுச்சர் மதிப்பு 50,000.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. புதன்கிழமை போக இருபத்தெட்டாயிரத்து நூறு. டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்து ஆறு வாரம் கழித்து வர, முன்கூட்டியே எடுப்பதால் பத்தொன்பதாயிரத்து முன்னூறு. இன்னும் இரண்டாயிரத்து அறுநூறு நிற்கிறதே, விடுவாரா? தையல் போட்ட வயிற்றோடு வருகிறவள் கால் நீட்ட வேண்டும் என்று திரும்பும் பயணத்துக்கு முன்வரிசை இருக்கையைப் பிடித்தார். அது இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது. மிச்சம் நாற்பது. அந்த நாற்பதுக்கு வாங்க அந்தக் கம்பெனியில் ஒன்றுமே இல்லை என்று கடைசிவரை புலம்பினார்.

பிரிண்டர் இருமி இரண்டு தாள்களைத் துப்பியது. தையலக்கா கை நீட்டினாள். அதற்குள் கணவர் இரண்டையும் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். போகிற டிக்கெட்டை மனைவியிடம் கொடுத்தார். வருகிற டிக்கெட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.