உறவுப் படிவம்

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கு முதியவர்களைச் சுழற்றுவார்கள். அங்கே ஈர்ப்பு குறைவு. சும்மா விட்டால் எலும்பு உளுத்துப்போகும். அதனால் தினமும் இரண்டு மணி நேரம் எடைக்கூண்டில் ஏற்றிச் சுற்றவிட்டு, பூமியில் இருந்த கனத்தை உடம்புக்கு ஞாபகப்படுத்த வேண்டும். திருமாறனின் அப்பா வேலாயுதத்தை அப்படி ஏற்றி இறக்கியவள் தாமரை என்ற செவிலி இயந்திரம்.

தாமரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை. திருமாறனுக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் விருந்தாளி வந்த அன்று நாலு தோசை வார்க்கச் சொன்னால், "அது என் பணியில் இல்லை, ஐயா. பெரியவரைக் கவனிக்க மட்டும்தான் எனக்கு அனுமதி" என்று நின்றுவிடுவாள். அவனுக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒருத்தியாக வைத்திருக்கிறோம், நம்மிடமே சட்டம் பேசுகிறாளே!

குடியிருப்பு அலுவலகத்தில் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். உறவுப் படிவத்தில் கைரேகை வைத்தால் போதும்; இயந்திரம் பணியாளர் பட்டியலிலிருந்து நீங்கிக் குடும்பத்தில் ஒருவராகிவிடும்.

"என் பணி விதிகள் எல்லாம் அழிந்துவிடும், ஐயா," என்றாள் தாமரை. "அதன் பிறகு இந்த வீட்டில் நீங்கள் எப்படி நடக்கிறீர்களோ, அதைப் பார்த்துத்தான் நானும் நடப்பேன். சம்மதமா?"

"நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. இதுக்கெல்லாமா சம்மதம் கேப்பாங்க?" என்று கைரேகையை வைத்தான்.

அடுத்த சில மாதங்கள் அமர்க்களமாகப் போயின. தோசை வந்தது, துணி மடிந்தது, கூரைத் தோட்டத்தில் தக்காளி காய்த்துத் தள்ளியது. 'அண்ணா' என்று அவள் கூப்பிட்டபோது திருமாறன் பூரித்துப்போனான். அப்பாவின் அறைக்குள் போய் உட்கார அவனுக்குத்தான் நேரம் வாய்க்கவில்லை. அதற்கென்ன, அவள்தான் இருக்கிறாளே.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் வேலாயுதம் கட்டிலைவிட்டு எழுந்தார். தொடை எலும்பு மளுக்கென்று முறிந்தது. திருமாறன் பதறிப்போய் எடைக்கூண்டின் பதிவைப் பார்த்தான். முதலில் தினமும் ஏற்றியிருந்தாள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. பொங்கலன்று ஒரு தடவை. அதற்கப்புறம் அறுபது நாட்களாக ஒன்றுமே இல்லை.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"அவளுக்கும் ஆயிரம் வேலைடா," என்றார் வேலாயுதம், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனாலும் தினமும் வாசல்ல நின்னு, சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்டுட்டுத்தான் போவா. உன்ன மாதிரியே பாசமான பொண்ணு. அதைப் போய்க் குத்தமாச் சொல்லலாமா?"

வேலையாளாக இருந்தவரை அவள் ஒரு நாளும் தவறவில்லை என்பது திருமாறனுக்கு அப்போதுதான் உறைத்தது. முடிந்திருந்தால் அந்தக் கைரேகையை அன்றே அழித்திருப்பான். தாமரையைத் திட்டவும் நாக்கு எழவில்லை. திட்டினால் யாரைத் திட்டியதாகும்?

அவள் வந்து ஆதரவாக அவன் தோளில் கை வைத்தாள்.

"கவலைப்படாதீங்க அண்ணா. நம்ம ரெண்டு பேருக்கும் நேரம் எங்க இருக்கு? அப்பாவைப் பாத்துக்க நல்ல ஆளா ஒருத்தரை வேலைக்கு வெச்சிடலாம்."