எதிர் வரிசைக்காரன்

அரியாகே ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. மிசுஹோவின் இரண்டு கைகளிலும் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே அவளே கதை எழுதி, படம் வரைந்து, அச்சடித்த புத்தகங்கள். குடை தோள்பைக்குள் பத்திரமாக இருந்தது. அதை எடுக்கக் கைதான் இல்லை...

திடீரென்று பெட்டிமேல் விழுந்த மழை நின்றது. அவள் தலைமேல் மட்டும் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். ஒருவன் தன் குடையைச் சரியாகப் பெட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்கோங்க... குடை சின்னது. புத்தகம் நனையக் கூடாதேன்னு..."

"நான் நனையலாமா?"

அவன் பதறிப்போய்க் குடையை அவள் பக்கம் நகர்த்தினான். பெட்டி நனைந்தது. மறுபடி பெட்டிப் பக்கம் நகர்த்தினான். மிசுஹோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெட்டிக்கே பிடிங்க, பரவாயில்ல."

அவன் மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. அதற்குப் பின்னால் இருந்த கண்கள் அவளை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டன. ஆனாலும் பார்த்தன. மனிதரைவிடப் புத்தகத்துக்கு முதலில் குடை பிடிக்கிறவன்... நம்ம ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டாள். கண்காட்சி மண்டபம் வரை சேர்ந்தே நடந்தார்கள். என்னென்னவோ பேசினார்கள். எந்த ஜோடியை வைத்து எழுதுகிறீர்கள் என்று மட்டும் இருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டதால் முளையிலேயே கருகிய நட்புகள் அந்த மண்டபத்தில் ஏராளம்.

மிசுஹோ எழுதுவது ஒரு கார்ட்டூன் தொடரை வைத்து. மலைக்கணவாயில் தபால் சுமக்கும் இரண்டு இளைஞர்களின் கதை அது. வாயாடி இசாகு, வாயே திறக்காத தோகி. இருவரையும் காதலர்களாக்கிக் கதை எழுதும் ரசிகர்கள் அன்று கூடியிருந்தார்கள். இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி போடுவது வழக்கம். முதலில் வரும் பெயர் காதலோடு நெருங்குகிறவனுடையது, அடுத்து வரும் பெயர் நெருங்கவிடுகிறவனுடையது. வரிசையை மாற்றினால் வேறு கட்சி. இரு கட்சிக்கும் ஒத்துவராது என்பதால் மண்டபத்தில் மேசைகளையே ஆளுக்கொரு கோடியில்தான் போடுவார்கள்.

தோகி × இசாகு என்று எழுதுகிறவர்களுக்கு வரிசை வரிசையாக மேசைகள். இசாகு × தோகி என்று எழுத இந்த உலகத்தில் மிசுஹோ ஒருத்திதான். வருஷக்கணக்காக அப்படித்தான். பக்கத்து மேசையில் வேறு ஏதோ தொடர்க்காரர்கள் உட்கார்ந்து தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறைதான் விழாப் பட்டியலில் அவள் பெயருக்குப் பக்கத்தில், அதே ஜோடியின் கீழ், இன்னொரு பெயர் வந்திருந்தது. ஹிராசே. அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாளோ... அவருக்கென்று காஸ்தெல்லா கேக் வேறு வாங்கி வந்திருந்தாள்.

மேசைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பக்கத்து மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தவன் குடைக்காரன்.

மனசு துள்ளியது. ஓடிப்போய் கேக்கை நீட்டினாள். அவனோ அவள் மேசையின் பெயர் அட்டையைப் பார்த்துத் திகைத்து நின்றான். ஹிமோனோ என்பது அவள் புனைபெயர். கருவாடு என்று அர்த்தம். அழகான பெயர்களை எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பாள்.

"நீங்கதானா ஹிமோனோ-சான்?" என்றான்.

அந்த நேரம் பார்த்து அவன் பெட்டியின் மூடி திறந்துகொண்டது. மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் பெரிய எழுத்தில்... தோகி × இசாகு.

மிசுஹோவின் முகம் வாடிவிட்டது. எதிர்க்கட்சிக்காரன். விண்ணப்பத்தில் ஜோடிப் பெயர்களின் வரிசையை மாற்றி எழுதிவிட்டதாக அவன் தடுமாறினான். யாராவது அதை மாற்றி எழுதுவார்களா? தன் பெயரையே தப்பாக எழுதினாலும் எழுதுவார்கள், இதை எழுத மாட்டார்கள். தனியாக ஒரு மேசை போட்டிருக்கிறாளே, போய்ப் பார்த்துச் சிரிக்கலாம் என்று வந்தீர்களா என்று கேட்டுவிட்டாள். கேக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் அவன் தன் புத்தகங்களை வெளியே எடுக்கவே இல்லை. அவளுடைய வரிசையில் அந்த அட்டையை வைப்பது மரியாதை இல்லை என்று பெட்டியை மூடி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, வெறும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் அவன் தோழி நெகிஷி மறுகோடியிலிருந்து தேடிக்கொண்டு வந்தாள். எதிரி முகாமில் தவமா பண்ணுகிறாய், எங்கள் மேசையில் இடம் இருக்கிறது, வா என்று இழுத்தாள். அவன் எழுந்து மிசுஹோவைப் பார்த்தான். இருங்க என்று ஒரு வார்த்தை போதும். அவள் ஏற்கெனவே அடுக்கியிருந்த புத்தகங்களை மறுபடி அடுக்கினாள்.

பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு பிரதி கொடுப்பது அங்கே வழக்கம். போகும்போது அவனும் ஒன்று வைத்துவிட்டுப் போனான். அட்டை அவள் கண்ணில் படாதபடி கவிழ்த்து வைத்திருந்தான்.

படிக்கவே கூடாது என்று இருந்தாள். காலி மேசை பக்கத்திலேயே இருந்துகொண்டு உறுத்தியது. கடைசியில் பிரித்தாள்.

அவளுடைய போன புத்தகம் தோகியின் வீட்டு வாசலில் முடிந்திருந்தது. இசாகு மழையில் வந்து நிற்கிறான். கதவைத் தட்டத் தைரியமில்லாமல் திரும்பி நடக்கிறான். அதற்குமேல் அவளுக்கு எழுத வரவில்லை, அழுதுகொண்டே முடித்தாள். இவன் புத்தகம் அதே வாசலில் தொடங்கியது. கதவு திறக்கிறது. வாயே திறக்காத தோகி செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடி வருகிறான்...

மிசுஹோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கதவு உள்ளே இருந்தும் திறக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. உலகத்தில் ஒருவன் அவள் புத்தகத்தை இவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறான். அவனைத்தான் பக்கத்திலிருந்து எழுந்து போகவிட்டிருக்கிறாள். அவன் நிஜப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. விழா முடிந்தால் கூட்டத்தோடு கரைந்துவிடுவான். முடியவும் அதிக நேரம் இல்லை.

சொல்லியே தீருவது என்று எழுந்தாள். மேசைமேல் துணியைப் போர்த்திவிட்டு, இத்தனை வருஷமாகக் கால் வைக்காத அந்தக் கோடிக்கு நடந்தாள். எங்கே பார்த்தாலும் தோகி × இசாகு. யாரையும் பார்க்காமல் நேராக நெகிஷியின் முன்னால் போய் நின்றாள்.

"அவனா? உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு பொலம்பிக்கிட்டே இப்பதான் அந்தப் பக்கமா போனான்," என்றாள் நெகிஷி.

மிசுஹோ ஓடினாள். ஓடாதீங்க, நடந்து போங்க என்று தொண்டர் ஒருவர் அதட்டினார். ஓட்டம் மாதிரியே ஒரு நடை நடந்தாள்.

அவள் மேசையில் துணி விலகியிருந்தது. பின்னால் ஹிராசே, உட்காராமல் நின்றுகொண்டு, கல்லூரிப் பெண் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தான். காலையில் அவள் முன்னால் தடுமாறியவனா இவன்?

"இசாகு முதல்ல நெருங்கறது தைரியத்துல இல்லீங்க, பயத்துல. அதை இவங்க அளவுக்கு யாருமே எழுதல. படிச்சுப் பாருங்க."

அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். அவன் மிசுஹோவைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனான். "மேசைல ஆள் இல்லன்னு அந்தப் பொண்ணு திரும்பிப் போகப் பாத்தாங்க... உங்க புத்தகத்த விட்டுட்டுப் போறாங்களேன்னு மனசு கேக்கல..."

"விண்ணப்பத்துல பேர் எப்படி மாறிச்சு?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "இப்பவாவது சொல்லுங்க."

"மாசக்கணக்கா உங்க புத்தகத்தத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன். கை தன்னால உங்க வரிசையிலயே எழுதிடுச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அனுப்பினப்புறம்தான் பாத்தேன். மாத்தச் சொல்லியிருக்கலாம்... சொல்லல. பக்கத்துல யார் உக்காருவாங்கன்னு தெரியுமே."

ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தான். தன் பெயரை எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு, அவள் பெயரை எழுத ஆரம்பித்தான். ஒருதலைக் காதலுக்கு அங்கே அதுதான் குறி. மிசுஹோ பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"குறியெல்லாம் வேண்டாம். வாயால சொல்லுங்க."

காது வரை சிவந்தான். ஓடிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். ஓடவில்லை.

"உங்களப் பிடிச்சிருக்கு. உங்க புத்தகத்தால பிடிச்சுது... காலைல இருந்து, நீங்க மழைல நனைஞ்சுகிட்டே சிரிச்சீங்களே, அப்ப இருந்து உங்களையே பிடிச்சிருக்கு."

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள் அவள். "அதைச் சொல்லத்தான் அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். அதனால முதல்ல நெருங்கினது நான்தான். என் பேர்தான் முன்னால வரணும்."

"குடை பிடிச்சது யாரு?"

"அது பெட்டிக்குத்தானே பிடிச்சீங்க?"

ஒலிபெருக்கி விழா முடிந்ததென்று அறிவித்தது. வழக்கம்போல மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவர்கள் இருவர் மட்டும் தட்டவில்லை. கைதட்ட இரண்டு கை வேண்டும். அவர்களிடம் ஆளுக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.