கேட்கக் கூடாத தண்ணீர்

பிரேமலா அந்தப் பள்ளிக்கு வரும்வரை, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஆங்கிலம் என்றால் வாசுகிதான். புஷ்பவள்ளி டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் வாசுகியின் கை மேலே போய்விடும். "வாசுகி, நீ சொல்லும்மா" என்பார் டீச்சர். அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

இந்த ஆண்டு நடுவில் ஜொகூர் பாரு நகரத்திலிருந்து பிரேமலா வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். மலேசியாவில் ரெங்கம் என்ற ஊரில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னத் தமிழ்ப்பள்ளியில், அவள் 'குட் மார்னிங்' சொன்னால்கூட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசுகியும் பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் பச்சை மிளகாயைக் கடித்ததுபோல் உள்ளே எரிந்தது.

அன்றைக்குப் பாடம் விதிகளைப் பற்றியது.

"கட்டாயம் செய்யணும்னா 'மஸ்ட்'. செய்யவே கூடாதுன்னா 'மஸ்ட் நாட்'. சரி, அனுமதி கேட்கணும்னா?" என்று கேட்டார் டீச்சர்.

வாசுகி கையைத் தூக்கினாள். அதற்குள் பிரேமலா முந்திக்கொண்டாள்.

"'மே' டீச்சர். மே ஐ கோ அவுட்? மே ஐ ட்ரிங்க் வாட்டர்?"

"வெரி குட்!"

தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், வாசுகி தலையைச் சொறிந்துகொண்டாள்.

முதலாம் ஆண்டு வகுப்புக்கு வெளியே புதிதாக ஒரு தண்ணீர் மெஷின் வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருவராக எழுந்து, "மே ஐ ட்ரிங்க் வாட்டர்?" என்று கேட்டார்கள். பாவம் குணாளன் சார், அவரால் பாடமே நடத்த முடியவில்லை.

"மெஷின் பக்கத்துல ஓர் அறிவிப்பு வைக்கணும்" என்றார் டீச்சர். "மூணே வரி. வரிசையில நிக்கணும். தண்ணியைச் சிந்தக் கூடாது. சார்கிட்ட கேட்க வேண்டாம். இதை இங்கிலீஷ்ல அழகா எழுதணும். நான் குளுவாங்குக்குப் பயிற்சிக்குப் போறேன். வியாழக்கிழமை கல்வி இலாகா அதிகாரி வரும்போதுதான் வருவேன். அதுக்குள்ள மாட்டிடணும்."

டீச்சரின் கண்கள் வகுப்பைச் சுற்றி வந்தன. வாசுகி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிரேமலா, நீ எழுதுறியா?"

வாசுகி பென்சிலைத் தாளில் அவ்வளவு அழுத்தியதில் அதன் முனை ஒடிந்துபோனது.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் அறிவிப்பு தொங்கியது. நீலத்தில் எழுத்து. ஓரத்தில் சிரிக்கும் ஒரு தண்ணீர்க் குவளை. "அழகா இருக்குல்ல!" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 'குவளை எங்கேயாவது சிரிக்குமா?' என்று நினைத்தபடி வாசுகி அதைப் படித்தாள்.

யூ மஸ்ட் க்யூ அப். சரி.

யூ மஸ்ட் நாட் ஸ்பில் த வாட்டர். அதுவும் சரி.

யூ மஸ்ட் நாட் ஆஸ்க் ஃபார் வாட்டர்.

வாசுகி மறுபடி படித்தாள். தண்ணீர் கேட்கக் கூடாதா? டீச்சர் அப்படியா சொன்னார்? கேட்க வேண்டாம், அதாவது கேட்காமலே குடிக்கலாம் என்றுதானே சொன்னார்!

தப்பு! பிரேமலா தப்பாக எழுதியிருக்கிறாள்!

வாசுகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரி வருவார். சத்தமாகப் படிப்பார். "யார் இதை எழுதினது?" என்று கேட்பார். பிரேமலாவின் முகம் தக்காளியாகச் சிவக்கும். நினைக்க நினைக்க இனித்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலையில் பிரேமலா முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை மெஷின் முன்னால் நிற்க வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். அவர்களுக்குப் புரியவேண்டுமே என்று தமிழிலும் சொன்னாள்.

"லைன்ல நிக்கணும். சிந்தக் கூடாது. தண்ணி கேட்கக் கூடாது. ஓகேவா?"

"ஓகே அக்கா!" என்று பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

அந்தப் பக்கமாகப் போன வாசுகி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டும் கேட்காதவள்போல் நடந்துவிட்டாள்.

அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. ஓய்வு நேரத்தில் யாரோ வாசுகியின் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் நஜ்வா. முதலாம் ஆண்டில் படிப்பவள். வாசுகியோடு ஒரே வேனில் வருபவள். அவளுடைய வாப்பா ரெங்கத்தில் ரொட்டி சானாய்க் கடை வைத்திருந்தார்.

"அக்கா, உங்க போத்தல்ல தண்ணி இருக்கா?"

நஜ்வாவின் உதடு காய்ந்திருந்தது.

"உன் போத்தல் எங்கே?"

"காலையில விளையாடினோம். முடிஞ்சிருச்சு."

"அப்போ மெஷின்ல பிடிச்சுக்க வேண்டியதுதானே?"

"தண்ணி கேட்கக் கூடாதுன்னு அந்த அக்கா சொன்னாங்களே."

"கேட்காமலே குடி."

நஜ்வா அதிர்ச்சியோடு பார்த்தாள். "கேட்காம எடுத்தா திருட்டுன்னு வாப்பா சொல்லியிருக்காங்க. கேட்கவும் கூடாது, கேட்காம எடுக்கவும் கூடாது. அப்போ எப்படிக்கா குடிக்கிறது?"

வாசுகி தன் போத்தலை நீட்டினாள். நஜ்வா மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "எங்க வகுப்பு ஜீவனுக்கும் கொடுக்கலாமா? அவன் தலை வலிக்குதுன்னு மேசையில படுத்திருக்கான்" என்றாள்.

நேற்று இனித்தது இன்று கசந்தது. வாசுகி முதலாம் ஆண்டு வகுப்புக்கு ஓடினாள். ஜீவனுக்கு மிச்சத் தண்ணீரைக் கொடுத்தாள். மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் வாங்க. மெஷின்ல தண்ணி குடிக்கலாம்."

ஒருவரும் அசையவில்லை.

"கேட்கக் கூடாதுன்னு அங்க எழுதியிருக்கு" என்றான் ஒருவன்.

"அது தப்பு. நான் சொல்றேன்ல?"

"பிரேமலா அக்காவுக்குத்தான் இங்கிலீஷ் நல்லாத் தெரியும்" என்றாள் இன்னொருத்தி.

மறுபடியும் பச்சை மிளகாய்! ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை.

வெளியே குணாளன் சார் நாளைய வருகைக்காக நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார். "என்ன வாசுகி, ஏன் ஓடுற?"

சொல்லிவிடலாம். 'பிரேமலா தப்பா எழுதிட்டா சார்' என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது.

"பிரேமலாவைப் பார்த்தீங்களா சார்?"

"கேன்டீன்ல இருக்கா."

பிரேமலா மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசுகி அவள் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

"தப்பா?" பிரேமலா முறைத்தாள். "எங்கம்மா 'டிவி வேண்டாம்'னா பார்க்கவே கூடாது. வேண்டாம்னா மஸ்ட் நாட்தானே?"

"அது அந்த இடத்துல. டீச்சர் சொன்ன 'வேண்டாம்' வேற. கேட்கத் தேவையில்லை, நேரா போய்க் குடிக்கலாம்னு அர்த்தம்."

"டோன்ட் ஹேவ் டு!" பிரேமலாவின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. "அலமாக்! ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமா? என் தமிழ் ஏற்கெனவே மோசம் லா!"

பிறகு அவள் மெல்லக் கேட்டாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்தே."

"ஏன் சொல்லலை?"

வாசுகி தரையைப் பார்த்தாள். "அதிகாரி உன்னைப் பார்த்துச் சிரிக்கணும்னு நினைச்சேன். எல்லாரும் உன்னையே பார்க்கிறாங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

பிரேமலாவின் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "முதல்ல பிள்ளைங்க தண்ணி குடிக்கட்டும். உன்கிட்ட அப்புறமா கோவிச்சுக்கிறேன். வா!"

இருவரும் ஓடினார்கள்.

"தப்பா எழுதிட்டேன். சாரி" என்று பிள்ளைகளிடம் சொன்னாள் பிரேமலா. அடுத்து எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாசுகியைப் பார்த்தாள்.

"இது உங்க தண்ணி" என்றாள் வாசுகி. "யார்கிட்டயும் கேட்கத் தேவையில்லை. எடுத்தா திருட்டும் இல்லை. எப்போ தாகமோ அப்போ குடிக்கலாம்."

"நிஜமாவா?" என்றாள் நஜ்வா.

"நிஜமா."

அடுத்த நொடி மெஷின் முன்னால் ஒரே கூட்டம். வரிசையும் இல்லை, சிந்தாமலும் இல்லை. அந்த இரண்டு விதிகளையும் அன்று ஒருவரும் மதிக்கவில்லை.

பிரேமலா மூன்றாவது வரியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, 'யூ டோன்ட் ஹேவ் டு ஆஸ்க்' என்று எழுதினாள். வாசுகி தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் சொன்னபடியே பிரேமலா கோபித்துக்கொண்டாள். அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். அறிவிப்பைப் படித்தார். "நல்லா இருக்கே. யார் எழுதினது?"

"பிரேமலா" என்றார் புஷ்பவள்ளி டீச்சர் பெருமையோடு.

எல்லாரும் கை தட்டினார்கள். வாசுகியும் தட்டினாள். கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனால் தாங்க முடிந்தது.

பள்ளி விட்டதும் வேனுக்காக நின்ற வாசுகியிடம் பிரேமலா வந்தாள். கையில் தமிழ்ப் புத்தகம்.

"இதுல இந்த மாதிரி ஏமாத்துற வார்த்தை இன்னும் எத்தனை இருக்கு?"

"நிறைய இருக்கு."

பிரேமலா பெருமூச்சு விட்டாள். "அப்போ நாளையிலேருந்து என் பக்கத்துல வந்து உட்கார்."

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே வாசுகியின் பை பிரேமலாவின் மேசைக்குப் போய்விட்டது.